பாஸ்கல் அண்ணன் கைப்பக்குவம்

"ஜானட், நாளைக்கு வஞ்சிரம் வாங்கணும்" என்று சொல்லிவிட்டுப் படுத்தார் என் கணவர் பாஸ்கல். விடியும்போது உயிரோடு இல்லை.

துறைமுக வேலை போனபிறகு ராயபுரத்தில் அவர் போட்ட சாப்பாட்டுக்கடை. முப்பதாம் நாள் பூசை முடிந்து நான் திறந்தேன். பழைய ஆட்கள் வராவிட்டால் மூட வேண்டியதுதான்.

முதலில் வந்தவன் லாரி டிரைவர் பென்னி. ஒரு வாய் வைத்தான், முகம் சுளித்தான்.

"இன்னாக்கா இது? அண்ணன் கைப்பக்குவம் வரலியே."

"அப்படியா?"

"கப்பல் சமையக்காரன்கிட்ட கத்துக்கினதா சொல்வாரு. உனுக்குச் சொல்லித் தரலியா?"

"இல்லப்பா."

"போகப்போக வந்துரும்க்கா" என்று தேற்றிவிட்டு, இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டான்.

ஊற்றினேன். பாஸ்கலுக்கு அடுப்புப் பற்றவைக்கவே தெரியாது. கடை திறந்த நாள்முதல் வீட்டில் குழம்பு வைத்து அனுப்பியவள் நான்தான்.

வாசல் பலகையில் இன்றும் அவர் பெயர்தான் இருக்கிறது.