படகு நீலம்

வாளியில் ஊறிய வாசல் ஸ்கிரீன் துணியைத் தூக்கிப் பார்த்தாள் ஜோதிலட்சுமி. நீலக் கறை இம்மியும் அசையவில்லை.

மூன்று மணிக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். வாசற்படியில் கால் வைத்ததும் கண்ணில் படுவது இந்த ஸ்கிரீன்தான். குறை கண்டுபிடிக்கவென்றே கூட வருகிற சொந்தக்காரர்களுக்கு இது போதாதா?

எல்லாம் தம்பி அரசு செய்த வேலை.

மீன்பிடித் தடைக்காலத்தில் படகுக்குப் பெயின்ட் அடித்தால், மிச்சம் வாசற்கதவுக்கு வந்துவிடும். அந்தத் தெருவில் கதவின் நிறத்தை வைத்தே எந்தப் படகுக்காரன் வீடு என்று சொல்லிவிடலாம். விருந்தாளிகள் வருகிறார்களே என்று நேற்று கதவுக்கு அடித்தான். அடிக்கிறவன் ஸ்கிரீனைக் கழற்றி வைத்துவிட்டு அடிக்கக் கூடாதா? தூக்கி முடிச்சுப் போட்டுவிட்டு அடித்தான். கடற்காற்று முடிச்சை அவிழ்த்து ஸ்கிரீனை ஈரக் கதவோடு ஒட்டிவிட்டது.

அக்கா திட்டுவாளே என்று அதைச் சோப்புத்தூளில் ஊறப் போட்டுவிட்டு ஓடிப்போனான். எனாமல் பெயின்ட் சோப்புக்கெல்லாம் பயப்படுமா?

“வுடுடி. வரவங்க இன்னா, ஸ்கிரீனையா பாக்கப் போறாங்க?” உள்ளேயிருந்து அம்மா வனஜா கேட்டாள்.

“எல்லாத்தயுந்தாம்மா பாப்பாங்க.”

தாய்மாமன் கலியன் வரமாட்டேன் என்று காலையிலேயே சொல்லிவிட்டார். இந்தச் சம்பந்தம் நடந்தால் ஊரில் தலைகாட்ட முடியாதாம். தலையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளட்டும் என்று ஜோதி போனை வைத்துவிட்டாள்.

கிருமாம்பாக்கத்து மாப்பிள்ளை நல்ல மனிதர் என்று நாலு இடத்தில் விசாரித்தாயிற்று. இதுவும் கைநழுவினால் இந்த வீட்டில் இன்னொரு முறை கல்யாணப் பேச்சை எடுக்க முடியாது.

தின்னர் ஊற்றினால் மெல்லிய துணி சுருங்கிப் போகும். படகு இன்ஜினுக்கு வாங்கிய டீசல் கேனின் அடியில் கொஞ்சம் இருந்தது.

ஸ்கிரீனைப் பிழிந்து, கறைக்கு அடியில் பழைய வேட்டியை விரித்தாள். மேலே காய்ந்திருந்த பெயின்ட்டைக் கரண்டிக் காம்பால் சுரண்டினாள். டீசலில் நனைத்த துணியால் பின்பக்கமிருந்து ஒற்றினாள். தேய்க்கவில்லை. தேய்த்தால் பரவிவிடும்.

ஒற்றினாள். ஒற்றிக்கொண்டே இருந்தாள்.

மெல்ல நீலம் இளகி வேட்டியில் இறங்கியது. வேட்டியை நகர்த்தினாள், மறுபடி ஒற்றினாள். நகக்கண்ணெல்லாம் நீலமாகிவிட்டது. நீயா நானா பார்த்துவிடுவோம் என்று வாய்விட்டே சொன்னாள்.

பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு. அலசி முகர்ந்தால் டீசல் அடித்தது. மறுபடி சோப்பு, மறுபடி தண்ணீர். இடுப்பு விட்டுப்போனது. அவள் விடவில்லை.

கடைசியில் ஓரத்தில் எள்ளளவு மட்டும் மிஞ்சியது. அதை மடிப்புக்குள் தள்ளி, ஈரத்தோடு கம்பியில் மாட்டினாள்.

தெருமுனையில் ஆட்டோ சத்தம் கேட்டது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு, மல்லிகைச் சரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அம்மா புதுப்புடவை கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றிருந்தாள். கடலுக்குப் போன அப்பா திரும்பி வராத நாளிலிருந்து பூ ஏறாத தலை அது.

ஜோதி அம்மாவின் கொண்டையில் சரத்தைச் சுற்றினாள்.

வாசலில் செருப்புகள் கழற்றும் சத்தம் கேட்டது.

அம்மாவின் கை பூவைத் தேடி மேலே போனது. பிடுங்கிப் போட்டுவிடுவாள் என்றே ஜோதி நினைத்தாள்.

அந்தக் கை, சரிந்திருந்த சரத்தை நேராக வைத்துக்கொண்டது.