வக்கீல் வீட்டுக் குதிரை

"ஏங்க, கட்சிக்காரர் வந்து நிக்கிறார். எழுந்திரிங்க!"

"இப்ப முடியாதும்மா. நான் குதிரை" என்றார் வக்கீல்.

கூடத்தின் நடுவில் நாலு காலில் நின்றுகொண்டிருந்தார். கறுப்புக் கோட்டைக் கழற்றக்கூட நேரம் கிடைக்கவில்லை. முதுகில் அவருடைய ஐந்து வயது மகள். அவளை வீட்டில் கூப்பிடுவது வாண்டு என்று. அப்பாவின் வெள்ளைக் கழுத்துப்பட்டியைக் கடிவாளமாகப் பிடித்துக்கொண்டு, "ஹை... ஹை..." என்று விரட்டினாள்.

வாசலில் நின்ற மரக்கடைக்காரர் ஒரு படி பின்வாங்கினார். பக்கத்துக் கடைக்காரர் சுவரைத் தள்ளிக் கட்டிவிட்ட வழக்கை இந்த மனிதரை நம்பித்தான் ஒப்படைத்திருந்தார். குறுக்கு விசாரணை என்று எழுந்தால் பொய்ச் சாட்சியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துவிடுவார் என்று ஊரே சொன்னது. குதிரையைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

"தப்பா நினைச்சுக்காதீங்க" என்று வக்கீலின் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டாள். "இவ டீச்சர் சொல்லிக் குடுத்த வழி இது. அந்தப் பெட்டி நிறைய வார்த்தை எழுதின அட்டை இருக்கு. குழந்தை ஒண்ணை எடுக்கணும். நாம அதை வாசிச்சு, நடிச்சும் காட்டணும். அப்பத்தான் மனசுல பதியுமாம்."

"பதிஞ்சுதா?"

"எங்க பதிஞ்சுது!" குதிரை தலையை நிமிர்த்தியது. "ஒரு எழுத்துகூட ஏறலை சார். நாளைக்கு டீச்சர் முன்னாடி அஞ்சு வார்த்தையாவது வாசிக்கணும். இல்லைன்னா ஒண்ணாங் கிளாஸ் கிடையாது, அதே கிளாஸ்ல இன்னொரு வருஷம். கூடப் படிக்கிற பிள்ளைங்க எல்லாம் மேல போயிடும். இவ மட்டும் அங்கேயே தனியா..."

அவர் முதுகிலிருந்த மகளைத் திரும்பிப் பார்த்தார். பெற்ற மனம் அல்லவா?

"நீங்க நடிக்கலாமேம்மா?" என்று கேட்டார் மரக்கடைக்காரர்.

"நடிச்சேனே! நான் சிங்கம் மாதிரியே இல்லைன்னு சொல்லிட்டு அவர்கிட்டயே போயிட்டா."

வக்கீல் படாத பாடு பட்டிருந்தார். தவளை வந்த அன்று கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கதவை இடித்தார். குரங்கு வந்த அன்று ஜன்னல் திரை கம்பியோடு கையில் வந்தது. நீர்யானை வந்த நாளைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. குளியல் தொட்டியிலிருந்து அவரை வெளியே இழுக்க எதிர்வீட்டு ஆட்களைக் கூப்பிட வேண்டியதாகிவிட்டது.

குதிரை சவாரி ஒருவழியாக முடிந்தது. வக்கீல் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அட்டையைத் தூக்கிப் பிடித்தார்.

"கண்ணு, இதை வாசி பார்ப்போம்."

வாண்டு கன்னத்தில் விரலை வைத்து வெகுநேரம் யோசித்தாள்.

"வாத்து!"

"ஐயோ, குதிரைடி தங்கம்! குதிரை!"

"ஓ... மறந்துபோச்சு. இன்னொரு வாட்டி செஞ்சு காட்டுப்பா."

வக்கீல் பாவமாகக் கட்சிக்காரரைப் பார்த்தார். "சரியா வாசிச்சிட்டா அட்டையை ஸ்கூலுக்குத் திருப்பிக் குடுத்துடலாம். வாசிக்கலைன்னா மறுபடியும் பெட்டிக்குள்ள போகும், மறுபடியும் என் தலையில விடியும். முட்டி தேஞ்சே போச்சு சார். போன வாரம் கோர்ட்ல எழுந்து நிக்க முடியாம வாய்தா வாங்கினேன்."

"எந்தக் கேஸ்ல?"

"உங்க கேஸ்லதான்."

மரக்கடைக்காரருக்குச் சுருக்கென்றது. இந்தப் பெண் படித்துத் தேறாவிட்டால் தன் சுவர் தேறாது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"பெட்டி முழுக்க மிருகமாவே இருக்குமா என்ன? கைராசின்னு ஒண்ணு இருக்கு, வக்கீல் சார். என் கையால ஒண்ணு எடுக்கறேன்."

"நான்தான் எடுப்பேன்!" வாண்டு பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"மாமா ஒரே ஒரு வாட்டி எடுக்கட்டும் கண்ணு" என்று அம்மா அவளை விலக்கிப் பிடித்தாள்.

மரக்கடைக்காரர் கண்ணை மூடி, வேண்டிக்கொண்டு, பெட்டியின் அடியில் கையை விட்டு ஓர் அட்டையை உருவினார். கையை நீட்டிப் பார்த்தார். முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தும் பார்த்தார்.

"கண்ணாடியைக் கடையிலயே வச்சிட்டு வந்துட்டேன். நீங்களே பாருங்க, என்ன எழுதியிருக்கு?"

வக்கீல் அதை வாங்கக் கையை நீட்டுவதற்குள், அம்மாவின் பிடியிலிருந்து எட்டிப் பார்த்த வாண்டு முகத்தைச் சுளித்தாள்.

"ஐயே, தூக்கம்! அது வேணாம். அப்பா சும்மா படுத்துக்கும்."

மூன்று பெரியவர்களும் வாயைப் பிளந்து நிற்க, திமிறிக்கொண்டு ஓடிய வாண்டு பெட்டிக்குள் தலையை விட்டு அட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே வீசத் தொடங்கினாள்:

"மேசை வேணாம்... புத்தகம் வேணாம்... அமைதி வேணவே வேணாம்... ஹை, கழுதை!"