அப்பாவின் சர்ச் கோட்டு

ஊட்டி கோல்ஃப் மைதானத்தில் மூடுபனி விலகி, ஈரப் புல்லில் வெயில் மினுங்குகிறது. போட்டிக்கு முன் நாங்கள் பந்தை உருட்டிப் பார்க்கிறோம். எல்லோரும் காலர் டி-ஷர்ட்டில், யார் மட்டை உசத்தி என்று பேசுகிறார்கள். என் முதல் ஆட்டத்தைப் பார்க்க வந்த அப்பா மட்டும் சர்ச்சுக்குப் போடும் கறுப்புக் கோட்டு, டையில் நிற்கிறார். “டிரஸ் கோடு இருக்குப்பா, டீசன்ட்டா வாங்க” என்று சொன்னது நான்தான். “ஏனுங்க, அந்த ஷூவோட ஏறாதீங்க, புல்லு பேந்துரும்” என்கிறார் எங்களோடு ஆட வந்த ரெனிஷ். “கல்யாணத்துக்குக் கெளம்பி வழி மாறிட்டாருங்க போல” என்கிறார் இன்னொருவர். சிரிப்பு பரவுகிறது. அப்பா ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, சாக்ஸ் நனைய நிற்கிறார். “பையன் ஆடறதப் பாக்க வந்தனுங்க.” “உங்க பையன் யாருங்க?” என்கிறார் ரெனிஷ். அப்பா என்னைப் பார்க்கிறார். நான் குனிந்து பந்தையே பார்க்கிறேன். “இன்னும் வரலீங்க” என்கிறார் அப்பா.