குதிகாலில் பிறப்பது

அம்மா செத்ததைத் தனக்குச் சொல்லாமலே கொண்டுபோய் எரித்துவிட்ட தம்பியை, ஒரே ஒரு தடவை முறையாகத் தள்ளிவிட வேண்டும் என்பதற்காகத்தான் தெய்வசிகாமணி, அவன் போகும் அதே மொட்டைமாடி 'தாய்ச்சி' என்ற சீனத் தற்காப்புக் கலை வகுப்பில் சேர்ந்தார். "கையால தள்ளாதீங்க சார். பலம் குதிகால்ல பிறக்கணும், இடுப்புல திரும்பணும், கை சும்மா வழிவிடணும்" என்று பயிற்சியாளர் லில்லி சொன்னதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பழகினார். பல்லைக் கடித்தால் பலம் தாடையிலேயே தங்கிவிடும் என்று அவள் அதட்டியதும் அதையும் விட்டார். கோபத்தை விடச் சொல்லி அவள் கேட்கவில்லை, அவரும் விடவில்லை.

இன்றைக்குத்தான் லில்லி இருவரையும் எதிரெதிரே நிறுத்தினாள்.

"மூஞ்சியக்கூடப் பாக்க விடலையேடா, பாவி!" என்று தள்ளினார். தம்பி கோமதிநாயகம் எதிர்க்கவில்லை. முட்டியைத் தளர்த்தி, மார்பில் வந்ததை அப்படியே பாதத்தின் வழியாகத் தரைக்கு அனுப்பினான். கீழ் வீட்டில் கொதித்த சாம்பார் கூரையைத் தொட்டது. அதற்கும் கீழ் வீட்டில் மின்விசிறி எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. தரைத்தளத்தில் நின்ற கார்கள் மொத்தமும் அலறின. தம்பி நின்ற இடத்திலேயே நின்றான்.

பிறகு அண்ணன் கையை எடுத்துத் தன் மார்பில் வைத்துக்கொண்டு, இரண்டு முட்டிகளையும் விறைப்பாக நிமிர்த்தினான்.

"இன்னும் இருக்குல்லண்ணே? தள்ளு."

"சார், முட்டி விறைச்சா ஆளு பறந்துடுவீங்க!" என்று லில்லி ஓடிவந்தாள்.

"முட்டிய மடக்கித் தொலைடா!" என்று தெய்வசிகாமணி கத்தினார்.

அவன் மடக்கவில்லை. அவர் குதிகாலில் அடுத்தது ஏற்கெனவே கிளம்பிவிட்டிருந்தது.