குதிரைக்குப் பிளாஸ்திரி

பரிவேட்டைக்குச் சாமி குதிரை வாகனத்தில் புறப்படும்போது வேட்டுப் போட உத்திராபதி செய்த, சக்கிமுக்கிக் கல் உரசி வெடிக்கும் கல்துப்பாக்கியில், விசைப்பூட்டு மரக்கட்டையில் ஒரு விரற்கடை பின்தள்ளிப் பதிந்துவிட்டது. பொறி விழும் மருந்துக்கிண்ணம் குழாயின் துளைக்கு நேரே வரவில்லை. பூட்டைப் பெயர்த்து முன்னால் நகர்த்தினான். கட்டையில் பின்னால் விழுந்த பள்ளத்தில் மரத்துண்டை ஒட்டி இழைத்தான். எவ்வளவு தேய்த்தும் ஒட்டு வெளுப்பாகத் தெரிந்தது.

போன திருவிழாவில் குதிரை வாகனத்தின் உடைந்த காலை ஆவுடையப்பன் ஒட்டியபோது, “குதிரைக்குப் பிளாஸ்திரி போட்டிருக்கான் பாருங்கடா” என்று ஊரையே சிரிக்கவைத்தவன் உத்திராபதி. இன்று சுடப்போவது அதே ஆவுடையப்பன். ஒட்டின்மேல் உள்ளங்கையை வைத்தபடியே உத்திராபதி துப்பாக்கியை அவனிடம் நீட்டினான்.

“கைய எடுறா, சாமி நிக்குது.”

“புது வார்னிஷ்டா, ஒட்டிக்கும்.”

“உன் கையில மட்டும் ஒட்டாதா?”

உத்திராபதி கையை எடுத்தான். ஆவுடையப்பன் ஒட்டைப் பார்த்தான், பிறகு குதிரையின் காலைப் பார்த்தான். கூட்டம் எட்டிப் பார்த்தது. ஆவுடையப்பன் தன் உள்ளங்கையால் ஒட்டை மூடிப் பிடித்து, துப்பாக்கியை வானத்துக்கு உயர்த்தினான்.

வேட்டு அதிர்ந்தது. புகைக்குள் உத்திராபதி, தன் வெறுங்கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.