தனுஜாவின் வலைப்பக்கம்

இன்று முதல் உலகமே நம் தோட்டப்பள்ளியைப் பார்க்கிறது என்று தலைமையாசிரியர் முழங்குகிறார். உலகத்தின் சார்பில் கொழுந்து பறித்த கையோடு நான்கைந்து அம்மாக்கள் வந்திருக்கிறார்கள். ஜன்னலெங்கும் மூடுபனி. வகுப்பறைக் கணினியோடு இணைத்த புரொஜெக்டர் வெளிச்சத்தில், சுவரில் ஆறாம் ஆண்டு மாணவி தனுஜா இலவசச் செயலியில் உருவாக்கிய வலைப்பக்கம் ஒளிர்கிறது: அவள் வரைந்த தேயிலைச் சரிவுகள், எழுதிய கவிதை, நடுவே சிரிக்கும் அம்மா கங்காவின் படம். கங்கா எழுந்துபோய்ச் சுவரைத் தொடுகிறாள். கறை படிந்த அவள் விரல்கள்மேல் பச்சைச் சரிவுகள் ஏறி நிற்கின்றன. “ஏன்டி, சிங்கப்பூர்ல வேலை செய்ற அப்பாவுக்கும் இது தெரியுமா?” “இப்பவே தெரியும்லா மா! லிங்க் அனுப்பிட்டேன். லஞ்சு டைம்ல பாக்குறேன்னாரு.” கங்கா தலைத்துண்டை அவிழ்த்து, அவசரமாக முடியை ஒதுக்கிக்கொள்கிறாள். வெளியிடும் பொத்தானை யாரும் அழுத்தாததால், அந்தப் பக்கம் இந்தக் கணினியில் மட்டும்தான் திறக்கும்.