வெளியே நின்ற பனிமலை

2093 ஜனவரி 17. அண்டார்டிகாவில் வானம் தெளிவாக இருந்தது. தென்காற்று மெதுவாக வீசியது.

பனியாறு கடலுக்குள் நீண்டு மிதக்கும் பகுதியைப் பனிநாக்கு என்பர். என் தங்கையின் கணவர் கஸ்பார், அதன் நுனியில் கூடாரமிட்டு வெடிப்புகளை அளந்து வந்தார். நான் இழுவைக் கப்பலின் தலைவன். தூத்துக்குடியின் குடிநீருக்காகப் பனிமலைகளை இழுத்துச் செல்வது எங்கள் தொழில்.

அன்று பனிநாக்கின் ஓரமாக ஐந்து பனிமலைகள் நெருங்கி நின்றன. எங்கள் துறைமுகத்தில் வள்ளம் எனும் படகுகள் அடுத்தடுத்து நின்றால், வெளியே நிற்பதையே முதலில் எடுப்போம். அவ்வழக்கப்படியே வெளியே நின்ற பெரிய பனிமலையைக் கட்டி இழுத்தேன். அதுவரை பேரலைகளைத் தடுத்துப் பனிநாக்கைக் காத்தது அதுவே என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. அலைகள் உள்ளே புகுந்தன.

"மச்சான், வெடிப்பு கூடாரத்துக்கு ரெண்டு பக்கமும் வந்துட்டு," என்றார் கஸ்பார் வானொலியில்.

"மலையத் திரும்பக் கொண்டாந்து வைக்கேன் மாப்ள."

"அது என்ன, உம்ம வள்ளமா? எடுத்த எடத்துல வைக்கதுக்கு?"

பனிநாக்கின் விளிம்பு செங்குத்துச் சுவர்; கப்பலிலிருந்து ஏறி அவரை மீட்க வழியில்லை. மீட்பு ஹெலிகாப்டர் வர நான்கு மணி நேரமாகும் என்றனர் மீட்பு நிலையத்தார். நான் கயிற்றை அறுத்துவிட்டு, கப்பலின் முகப்பால் பனிமலையைத் தள்ளினேன். அது நகரவில்லை, கப்பல்தான் திரும்பியது. மறுபடியும் தள்ளினேன்.

"போதும் மச்சான். இஞ்சின் சத்தத்துல ஒண்ணுங் கேக்கல. நிறுத்திட்டு எங்கூட பேசும்."

நான் நிறுத்தவில்லை. பனிநாக்கு கூடாரத்தோடு முறிந்து கடலில் சரிந்த பிறகே நிறுத்தினேன். அப்போது மணி பிற்பகல் மூன்று நாற்பத்திரண்டு.